முத்தம்பட்டி ஏற்றத்தில்

சரக்கு வண்டிக்கு நேரம் கிடையாது,
வரும் என்பது மட்டும்தான் தகவல்.
அதைச் சொல்கிறவர் கீமேன் மாதப்பன்.
தோளில் ஸ்பேனர், கையில் சுத்தி,
ஒவ்வொரு கிளிப்பாகத் தட்டித் தட்டி
இந்தக் காட்டுப்பாதையில் தினமும் நடக்கிறவர்.
"ரெண்டு ஆல்கோ, ஜோடியா, உர லோடு.
ஓமலூர்ல நிக்குதாம்."

ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்து
விரலில் கூலன்ட் வாசம் போகாமலே
தொப்பூரில் இறங்கியிருந்தேன்.
ஆறு நாளும் மைக்ரானில் அளக்கிற வேலை.
தேறும், தேறாது. தேறும், தேறாது.
ஏழாம் நாள் எனக்கு வேண்டியது
என் கேஜுக்குள் அடங்காத ஒன்று,
நூற்றிருபது டன் சொச்சம்,
கரும்புகையோடு.

மின்கம்பங்கள் நட்டாயிற்று.
கம்பி இன்னும் இழுக்கவில்லை.
இரண்டு கம்பத்துக்கு நடுவே
ஒரு பாறை, ஒரு வளைவு, கொஞ்சம் வானம்:
அந்த இடைவெளிக்குள் இஞ்சின் வர வேண்டும்.
மூன்று மணி நேரம் அதையே பார்த்து நின்றேன்.
ஆஞ்சநேயர் கோயில் குரங்கு ஒன்று
லென்ஸ் மூடியை எடுத்துப்போய்
கடித்துப் பார்த்துவிட்டு
தேறாது என்று எறிந்தது.

பத்தரைக்குத் தூறல்.
"தவமணி, குடை இருக்கா?"
இல்லை.

முதலில் சத்தம்தான் வந்தது.
ஒரு பாறை வாங்கி அடுத்த பாறைக்குக் கொடுத்த சத்தம்,
அரிசி ஆலையொன்று
எழுந்து நடந்துவருகிறாற்போல.
பிறகு நெற்றி விளக்கு. பிறகு முகம்.
மூக்கில் துரு, பக்கவாட்டில்
எல்லைக்கு அந்தப்புறத்து ஷெட்டின் பெயர்
கன்னடத்தில், பாதி உதிர்ந்து.
மூச்சைப் பிடித்தேன்.

சக்கரம் வழுக்கியது.
நின்ற இடத்திலேயே சுழன்று, அலறி,
என் இடைவெளிக்கு ஒரு கம்பம் முன்னால்
நின்றேபோனது, இரண்டும்.

ஜன்னலில் தலை நீட்டி டிரைவர் கத்தினார்:
"மரளு! மரளு!"
மருளாதே என்கிறார் என்று நினைத்தேன்.
நாலு வருடமாக எனக்குக் கன்னடம்
ஊட்டா, சாக்கு, அவ்வளவுதான்.
மாதப்பன் ஓடிக்கொண்டே சொன்னார்,
"மணலு கேக்கறாரும்மா. பெட்டியில அடைச்சிக்கிச்சாம்."

ஓடைக்குள் இறங்கினோம்.
அள்ளிவர ஏதுமில்லை.
கேமரா பையைக் கவிழ்த்தேன்.
லென்ஸ் இரண்டும் பாறைமேல், குரங்குகளின் பொறுப்பில்.
அசிஸ்டென்ட் ஜிதின் தன் சோற்றுத்தூக்கோடு வந்தான்,
மலையாளத்தில் யாரையோ திட்டியபடி.
ஈர இரும்பின்மேல் பிடி பிடியாக,
கோலப்பொடி இழுக்கிற விரலால்,
இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன்,
நாற்பது அடி, ஐம்பது அடி.
தண்டவாளம் இத்தனை குறுகல் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
நான்கு விரல் அகலம்கூட இல்லை.
அதன்மேல்தான் அத்தனையும்.

டிரைவர் நஞ்சுண்டப்பா கைப்பிடியை
ஒவ்வொரு நாட்சாகத் தள்ளினார்.
புகை எழுந்து மலையை எடுத்துக்கொண்டது.
கப்ளிங் ஒவ்வொன்றாக முறுக்கேறுகிற ஓசை
கடைசிப் பெட்டிவரை போய்
ஒரு கணம் அங்கேயே நின்றது.
பிறகு, மணல் நொறுங்க,
நகர்ந்தது.

நான் குறித்த இடைவெளிக்குள்,
நான் குறித்த வளைவில்,
எங்கிருந்தோ வந்த வெயிலும் சேர்ந்துகொள்ள,
இரண்டும் போயின.
கேமரா கழுத்தில் கிடந்தது.
கை முழுக்க மணல்.

நாற்பத்திரண்டு வேகன் போவதற்குள்
துப்பட்டாவில் துடைத்து ஒன்றே ஒன்று எடுத்தேன்.
பிரேக் வேனில் கார்டு
தலை சீவிக்கொண்டிருக்கிறார்.
முன்னால் நடந்த எதுவும்
அவருக்குத் தெரிந்தமாதிரி இல்லை.

லென்ஸ் வளையத்தைத் திருகினால்
உள்ளே ஏதோ அரைபடுகிறது இப்போது.
தருமபுரிக் கடையில் பிரித்துப் பார்க்க
ஆயிரத்தெண்ணூறு கேட்டார்கள்.
அடுத்த மாதம் என்றேன்.

நேற்று மாதப்பன் போன் செய்தார்.
"இன்னொரு ஜோடி நிக்குது. இந்த வாட்டி மழையில்ல."
பையை உதறினேன்.
மூலைத் தையலில் இரண்டு சிட்டிகை மிச்சம்.
கொட்டப் போன கை நின்றது.
இருக்கட்டும்.