ஒன்றேகால் மீட்டர்

கிழக்கு வார்டை வரைந்தவர் வேறு,
மேற்கு வார்டை வரைந்தவர் வேறு.
பதினாறு வருஷம் கழித்து
இரண்டையும் ஒரே லேயரில் போட்டால்
நடுவே ஒரு கீற்று.
திரையில் ஈர்க்குச்சி அளவு,
தரையில் ஒன்றேகால் மீட்டர்,
லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியிலிருந்து
பேக்கரி மூலை வரைக்கும்.

சிவப்பாக மினுக்குகிறது மென்பொருள்:
பிழை. இடைவெளி.
எந்தப் பக்கம் சேர்க்க?

இப்படி நாளுக்கு இருநூறு மூடுகிறேன்.
புள்ளியைப் பிடித்து அருகே கொண்டுபோனால் போதும்,
எல்லை தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.
வெள்ளிக்கிழமை டெலிவரி.
ரேவண்ணா மூன்று தடவை பின்னால் வந்து நின்று
ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஆனால் இந்தத் தெரு எனக்குத் தெரியும்.
பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன்.
செயற்கைக்கோள் படத்தில் நீலமாய் நாலு பிக்சல்:
கன்னியப்பனின் இஸ்திரி வண்டிக்கு மேல்
கட்டியிருக்கும் தார்ப்பாய்.

போன மாதம் துப்பட்டா வாங்கப் போனபோது சொன்னார்:
"கிழக்கு ஆபீஸ்லேருந்து வந்து டேப்பு புடிச்சாங்கம்மா,
நீ மேற்குன்னுட்டுப் போயிட்டாங்க.
மேற்குக்காரன் வந்தான், போன்ல பார்த்தான்,
நீ கிழக்காச்சேன்னான்.
ஒன்பது வருஷமா இதே கதைதான்.
தொரத்தவும் ஆளில்ல,
குழாய்க்கு மனு எழுதிக் குடுத்தா
வாங்கவும் ஆளில்ல."
பேசிக்கொண்டே தண்ணீர் தெளித்தார்.
பெட்டி சுர்ரென்றது.

மேற்கோடு சேர்த்தால் நோட்டீஸ் வரலாம்.
கிழக்கோடு சேர்த்தால் குழாய் வரலாம்,
அங்கிருந்தும் நோட்டீஸே வரலாம்.
ஒரே ஒரு க்ளிக்.
சாப்பிட்டு வந்து செய்யலாம் என்று எழுந்து போனேன்.
தயிர்சாதம் இறங்கவில்லை.

மெனுவில் கடைசியாக,
யாரும் தொடாத ஒரு வரி உண்டு:
விதிவிலக்கு எனக் குறி.
குறித்தேன். சிவப்பு போய்ப் பச்சையானது.
கீற்று அப்படியே இருந்தது.
காரணம் சொல் என்றது ஒரு கட்டம், ஐம்பது எழுத்துக்குள்.
'இங்கே பெட்டி சூடாக இருக்கிறது' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'களத்தில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன்.
பொய்யில்லை.
சேவ்.

பட்டியலில் இன்னும் நூற்று எழுபத்தொன்று.
அடுத்தது கம்மனஹள்ளிப் பக்கம்,
இதைவிடக் குறுகல்,
நடுவில் ஏதோ சாம்பலாய்த் தெரிகிறது,
நிழலாயிருக்கலாம்.
அந்தத் தெருவுக்கு நான் போனதேயில்லை.

மூடினேன்.