தாமதத்துக்குக் காரணம்

பை நிறையச் சில்லறை குலுங்கும்போதே
'சில்லறை இல்லம்மா' என்பேன்.
அந்தம்மாவும் சுருக்குப்பையை
இடுப்புக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டு
'எங்கிட்டயும் இல்ல சாமி' என்பார்.
இரண்டு பக்கத்துச் சத்தமும்
இரண்டு பேருக்கும் கேட்கும்.
காரிமங்கலம் வருவதற்குள்
எப்படியோ கணக்குத் தீர்ந்துவிடும்.

ஓசூர் தர்மபுரி வண்டியில் பதினோரு வருஷம்.
சூளகிரியே இன்னும் தாண்டவில்லை,
'கிருஷ்ணகிரி டோல்கேட்ல நிக்கறேன், ஒரே கூட்டம்'
என்கிறான் மூன்றாம் சீட்டுக்காரன்.
'ஆபீஸ்ல இருக்கறேன் சார்' என்று சொல்வதற்காக
ஜன்னலை எல்லாம் மூடச் சொல்லிக் கெஞ்சினான் ஒருவன்.
மூடினோம். பாவம்,
எதிரில் வந்த கிரானைட் லாரிக்குத் தெரியவில்லை.
'வண்டிக்கு முந்தி இவனுங்க வாய் போய்ச் சேந்துடுது'
என்பார் டிரைவர் சென்றாயன்.

மாங்கூழ் கம்பெனிகளின் புளித்த வாடை அடங்கிய
ஆவணி ராத்திரி. கடைசி நடை.
கிருஷ்ணகிரியில் ஏறிய பையன்
தர்மபுரி ஒன்று என்றான்.
சட்டைப்பையில் நாலாய் மடித்த தாள்,
வெளியே தெரிந்த ஓரத்தில் கம்பெனி பெயர்,
கீழே 'கணக்கு முடிக்கப்பட்டது'.
படிக்கத் தெரியாதவன் போல டிக்கெட் கொடுத்தேன்.

போன் நாலு தரம் அடித்து ஓய்ந்தது.
ஐந்தாம் தரம் என்னிடம் நீட்டினான்.
'அண்ணா, எங்கம்மா. ஏழு மணி வண்டிதான்,
வழியில நின்னுடுச்சுன்னு சொல்லுங்க.
நாஞ் சொன்னா நம்பாது.'

சொன்னேன்.
காவேரிப்பட்டினத்தில் டயர் போனதை,
ஸ்டெப்னி நட்டு துருப்பிடித்துக் கழலாததை,
மெக்கானிக் சாப்பிடப் போயிருப்பதை,
கேட்காததையெல்லாம் சொன்னேன்.
உண்மைக்கு ஒரு வரி போதும்.
பொய்க்குத்தான் இத்தனை கையும் காலும்.

'அப்படியா சாமி. மெதுவா வாங்க.
நா அப்பவே சாப்ட்டுப் படுத்துட்டேன்.'

அந்தக் குரலுக்குப் பின்னால்
'பென்னாகரம் பென்னாகரம் கடைசி வண்டி' என்று
ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான்.
எங்கள் டைம்கீப்பர் அங்கமுத்து.
ஆயிரம் குரலில் கண்டுபிடிப்பேன் அவனை.

'அம்மா என்னண்ணா சொல்லுச்சு?'
'தூங்கிட்டிருந்தாங்களாம்' என்று போனைக் கொடுத்தேன்.
அவன் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

முன்னால் போய்,
'கொஞ்சம் அழுத்துங்கண்ணே' என்றேன்.
'என்னய்யா அவசரம்?'
'பசிக்குது.'

புறநகர் பஸ் நிலையத்தில்,
ஷட்டர் இறக்கிய டீக்கடை அருகே
தூக்குப்போசியோடு நின்றிருந்தார்.
'இப்பத்தான் எழுந்து வந்தேன் கண்ணு' என்றது காதில் விழுந்தது.
பையனைப் பார்த்தார், அவன் சட்டைப்பையைப் பார்த்தார்.
புழுதியும் கலையாத என் நாலு டயரை
ஒரு பார்வை பார்த்துவிட்டு
'வா, ஆறிடும்' என்று நடந்தார்.

அங்கமுத்துவிடம் டிரிப் ஷீட் நீட்டினேன்.
நாலு நிமிஷம் முன்னால் வந்திருக்கிறோம்.
ஏன் என்றான்.
அந்தத் தாளில் தாமதத்துக்கு மட்டும்தான்
காரணம் எழுத இடம் இருக்கிறது.