இறந்ததாகக் காட்டுகிறது

செவ்வாய்க்கிழமை. பொய்கைச் சந்தை.
கிடாரியின் இடது காதில் மஞ்சள் வில்லை,
அதன்மேல் காய்ந்த சாணம்.
கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப்
பன்னிரண்டு இலக்கத்தையும் தட்டுகிறேன்.
வட்டம் சுற்றிச் சுற்றி நின்று
"இறந்துவிட்டது" என்கிறது செயலி.

கிடாரி என் கைப்பையின் வாரை நக்குகிறது.

"இன்னாம்மா சொல்லுது?"
ஒடுகத்தூர்ப் பூங்காவனம் எட்டிப் பார்க்கிறாள்.
தரகர் தசரதனும் சித்தூர் வியாபாரியும்
துண்டுக்குள் கோத்த விரல்களை
அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.
அங்கேயும் ஓர் எண் இருக்கிறது,
வெளியாள் யாரும் படிக்க முடியாத எண்.

திரையை அவளுக்குக் காட்டாமல்
மேலே தள்ளிப் பார்க்கிறேன்.
பதிந்தவர்: என் பெயர்.

முந்தின வருஷத்து ஐப்பசி, அடைமழை.
அன்றைக்கு அது முப்பத்தோராவது வீடு.
தாய்க்கு ஒன்று, கன்றுக்கு ஒன்று,
ஈரக் கையில் இரண்டு வில்லைகள்.
துளைத்தபோது கத்தியது கன்று மட்டும்.
மாத்திரை அட்டையின் முதுகில் கிறுக்கி வந்ததை
இரவில் ஏற்றினேன்,
எது யாருடையது என்று மாற்றி.

"அதான் கேக்கறேன்," என்கிறாள் பூங்காவனம்.
"தாய் செத்து ஏழு மாசமாவுது.
அதுக்கு ஊசி போடணும்னு
போனுக்கு மெசேஜ் வந்துனே கீது.
நானும் இன்னான்னு பதில் சொல்றது?"

தாயின் பக்கத்தைத் திறக்கிறேன்.
நாளொன்றுக்கு ஆறு லிட்டர்.
கோமாரி ஊசி நிலுவை.
இறப்பு என்ற கட்டத்தைத் தொட்டதும்
தேதி கேட்கிறது.

"தை அமாவாசைக்கு மறுநா.
வயிறு உப்பிப்போச்சி. டாக்டர் வர்ரதுக்குள்ள,
விடிகாலைல, கோழி கூவ சொல்லோ,
தலைய என் மடியில வச்சிதா..."
கட்டத்தில் எட்டு இலக்கத்துக்குத்தான் இடம்.

இனி கிடாரி.
திருத்தம், உரிமை மாற்றம், மறுபதிவு,
எல்லாம் தொட்டுப் பார்த்தாயிற்று.
சாகடிக்க ஒரு பொத்தான் இருக்கிறது,
எழுப்ப இல்லை.
வேலூருக்கு எழுத வேண்டும். பதினைந்து நாள் ஆகும்.

தாழ்ந்த குரலில்தான் சொன்னேன்.
துண்டுக்குள் ஒரு விரல் மடங்குவது
வெளியிலிருந்தே தெரிந்தது.
"கணக்குல செத்த மாடு," என்றார் தசரதன்.
"ரெண்டாயிரம் கம்மி."

"அதுக்கு ஓட்டினே போயிடுவேன்."
பூங்காவனம் கயிற்றை அவிழ்த்தாள்.
"வாடி பிசாசே" என்று முதுகில் தட்டி
மினி வேன் பக்கம் இழுத்துப் போனாள்.
மஞ்சள் வில்லை ஆடிக்கொண்டே போனது.

வேன் வாடகை எவ்வளவு என்று
நான் கேட்கவில்லை.