பின்னிணைப்பு மூன்று

எல்லா கேஸ் ஸ்டடியும்
மேலாளர் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பதில்தான் தொடங்குகிறது.
வெளியே மழை, இல்லாவிட்டால் பனி.
மேசைமேல் ஓர் அறிக்கை.
திங்கட்கிழமைக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

புதுச்சேரியில், ஞாயிறு வகுப்பில்,
ஏசி ஒழுகும் மாடி அறையில்
முப்பத்தோரு பேர் அவருக்காக முடிவெடுத்தோம்.
எங்கோ வடக்கே ஒரு துறைமுகம், மீன் பதப்படுத்தும் ஆலை,
இரண்டு பிரிவில் ஒன்று நஷ்டம்.
பணியாளர் விவரம்: பின்னிணைப்பு மூன்று.
"இப்போ நீங்கதான் அந்த மேனேஜர்" என்றார் லூர்துநாதன் சார்.
மூடலாம் என்றேன்.
நிலைச்செலவு, மாறும் செலவு,
இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளி,
பலகையில் நேராக இழுத்தேன் கோட்டை.
பத்துக்கு எட்டு.
ஏதோ ஒரு செலவு விட்டுப்போச்சு, யோசிங்க என்று
இரண்டைக் குறைத்துக்கொண்டார்.

கடலூர் பஸ்ஸில் நின்றபடி அடிக்குறிப்பைப் படித்தேன்:
பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.
பெண்ணையாற்றுப் பாலம் வரை அதே வரிதான்.
பெயர் மாறிய அந்த மனிதர்
தன் கதையைத் தானே படித்திருப்பாரா?
என் அறையில் ஏதுய்யா ஜன்னல் என்று
சிரித்திருப்பாரா?

என் அறையிலும் கிடையாது.
முதுநகரில், உப்பனாற்று ஓரம்,
ஐஸ் பார் சறுக்கி இறங்கும் சதுரத் திறப்பு ஒன்று உண்டு.
குனிந்தால் தெரிவது
தள்ளுவண்டிச் சக்கரம், ஈர உமி, மடித்துக் கட்டிய கைலிகளுக்குக் கீழே கால்கள்.
காலை வைத்தே ஆளைச் சொல்வேன்.
பெருவிரல் நகம் இல்லாதது வில்வநாதன்.
வெடிப்பில் மஞ்சள் அப்பியது அற்புதமேரி.

தடைக்காலம் அறுபத்தோரு நாள்.
படகெல்லாம் கட்டிக் கிடக்கும். ஐஸ் யாருக்கு?
கம்ப்ரஸர் ஒன்றை நிறுத்தச் சொல்லி
முதலாளி வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருந்தார்.
பின்னால் யார் வீட்டுக் கல்யாணமோ, நாயனம்.
ஒன்று நின்றால் ஏழு பேர்.

இரவு தாளில் போட்டுப் பார்த்தேன்.
எந்தப் பக்கமிருந்து போட்டாலும் விடை அதேதான்.
விட்டுப்போன செலவுக்கென்று
ஓரமாக ஒரு பத்தி இழுத்தேன்.
வில்வநாதன்: மீட்டர் சொல்லுமுன்
அமோனியா கசிவைச் சொல்லிவிடும் மூக்கு.
இதற்கு அலகு என்ன? கட்டம் காலி.
ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்: எழுதி, அடித்தேன்.
போனவர்கள் திரும்பாவிட்டால் புது ஆளைப் பழக்கும் செலவு:
இதற்கு மட்டும் தொகை வந்தது.
அதைக் காட்டி அரைச் சம்பளம் கேட்டு
முதலாளிக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி. பதில் இல்லை.

திங்கள், காலை ஆறு. நிறுத்தினேன்.
பாதிச் சத்தம் போனபிறகுதான்
மீதிச் சத்தம் காதில் விழுந்தது.
நாளை யாராவது இதையும் எழுதக்கூடும்.
எனக்கு மாற்றுப்பெயர் வைப்பார்கள்,
ஜன்னல் ஒன்று கட்டித் தருவார்கள்,
மழையும் பெய்விப்பார்கள்.
பின்னிணைப்பு மூன்றில், கீழ் வரிசையில்,
ஏழு என்று இருக்கும்.

குனிந்து பார்த்தேன்.
பதினான்கு கால்கள். நகரவில்லை.
சாவியை மேசைமேல் வைத்துவிட்டு
கதவைத் திறந்துகொண்டு போனேன்,
முகங்கள் இருக்கும் உயரத்துக்கு.