முப்பத்தேழு

கொடுத்தது நாற்பது.
மஞ்சள் டப்பாவுக்குள் திரும்பியது முப்பத்தேழு.
கிம்பர்லி சாலையின் பின்சந்தில் குந்தி
இடுக்கியால் ஒவ்வொன்றாய் எண்ணிப் போட்டபின்
'வராதவை' என்ற கட்டத்தில்
மூன்று என்று எழுதுகிறேன்.

ஜைனால் வரவில்லை.
ஆ லெங் வந்தான். தன் ஆறையும்
பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு வந்து
மொய்ப்பணம் போல இரண்டு கையாலும் நீட்டினான்.

ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா என்பார்
மருத்துவமனைக் கிடங்கில் திரவியம்,
எங்கள் பெட்டிகளுக்கு முத்திரை குத்தும்போதெல்லாம்.
அது துணி தைக்கிற ஊசி, ஐயா.
இதற்குக் காது முனையிலேயே இருக்கிறது.
கேட்டுக்கொண்டேதான் உள்ளே போகும்.

முதலில் இதைக் குடைந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை.
முகநரம்பு வலியில் அலறிய யாரோ ஒருத்திக்காக
அபினியின் சாரத்தைத் தோலுக்கடியில் வைத்தார்கள்.
விழுங்கினால்தானே ஏங்கும்,
வயிற்றுக்குத் தெரியாமல் கொடுத்தால்
பசிக்காது என்று நம்பினார்கள்.
பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது
நான் மட்டும் சிரித்துவிட்டேன்.

பசி கப்பலேறி இந்தத் துறைமுகத்துக்கும் வந்தது.
படுத்துப் புகைக்க நேரமில்லாத ரிக்‌ஷாக்காரர்களுக்கு
புகையைவிட மலிவாக,
ஒரு குத்துக்குச் சில காசு.
அபினியை மறக்கடிக்கும் மருந்து என்றுதான் விற்றார்கள்.
ஒரே ஊசி, ஒரே கிண்ணத் தண்ணீர்,
வரிசையில் நாற்பது கை.
அவர்களை யாரும் படிவத்தில் எழுதவில்லை.

மணி ஒன்றரை. பசி.
அஞ்சடியில் கடைசி மேசை, நாசி கண்டார்,
வெண்டைக்காய், மீன்முட்டை, குழம்பு தனியாக.
சட்டையை ஓரமாய்த் தூக்கி
வயிற்று மடிப்பைப் பிடிக்கிறேன்.
பத்து யூனிட். அதே அளவு ஊசி,
அதே ஆரஞ்சு மூடி.

"அக்கா, இங்கே வேண்டாம்" என்றான்
தண்ணீர் கலக்குகிற பையன்.
பக்கத்து மேசை தன் கைப்பையை
மடிக்கு இழுத்துக்கொண்டது.
சர்க்கரை, தம்பி, என்று சொல்லியிருக்கலாம்.
கழுத்தில் அடையாள அட்டையும் தொங்கியது.
ஏனோ வாய் வரவில்லை.
முழுக் குழம்பையும் ஊற்றிப் பிசைந்து
கடைசிப் பருக்கை வரை தின்றேன்.

சந்துக்குத் திரும்பி டப்பாவைத் திறந்து
என்னுடையதையும் உள்ளே போட்டேன்.
யாருடைய ஊசி என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.
மூன்றை அடித்து இரண்டு என்றேன்.
பிறகு அதையும் அடித்து மூன்று என்றேன்.

ஐந்து மணிவரை இருப்பேன்.
ஜைனால் சில நாள் மழை விட்டபின் வருவான்.