நாலு கண்ணி

பாடாங் செராயில் பழைய ரப்பர் புகைக்கூடம் நின்ற இடத்தில்
தகரக் கூரைக்குக் கீழே எங்கள் ஆய்வுக்கூடம்.
மழை பிடித்தால் பம்பு ஓடுகிறதா என்று
தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நான் செய்வது மருந்தில்லை,
மருந்தின் இடுப்பு.
இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன்,
மறுபடி இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன்:
கண்ணிக்கு நாற்பத்துநான்கு எடை கூடும்.
ஒரு முனையில் அமிலம். மறுமுனையில் அமீன்;
அதற்கு ஒரு மூடி போட்டிருக்கிறேன்,
தன் வாலைத் தானே கடித்துவிடாதபடி.

கடல் தாண்டி யாரோ
ஒரு முனையில் கெட்ட புரதத்தைப் பிடிக்கும் கொக்கியை மாட்டுவார்கள்.
மறுமுனையில்,
'இது கழிவு' என்று செல்லுக்குள் முத்திரை குத்தும் நொதியை
இழுத்துவரும் கொக்கி.
இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை.
பக்கத்தில் நிறுத்தினால் போதும், முத்திரை விழும்,
பிறகு செல்லே அரைத்துக்கொள்ளும்.
குட்டையானால் முட்டிக்கொள்ளும்.
நீண்டால் தொளதொளக்கும்.
மூன்றா, நாலா, ஆறா?
"காலைக் காட்டாமல் சிலுவார் தைக்கச் சொல்கிறார்கள்"
என்பாள் ஹுய் லிங்.

என் வீடு தோட்டத்து எல்லையில்.
மூன்று வாரம் குப்பை கிடந்தது.
வேலிக்குள்ளே தோட்டத்து நிலம் என்றது நகராண்மை.
குப்பை நகராண்மைக் காரியம் என்றது தோட்டம்.
லோரி பெரிய சாலையில் போகும்;
டுரியான் தோல், பாம்பர்ஸ், ஒரு முழு மெத்தை,
வேலிக்கு இந்தப் பக்கம் ஊறும்.

தெய்வானை அக்கா பள்ளிக்கூடத்தில் தரை துடைப்பவள்.
லோரி ஓட்டும் ரஸாலியின் எண் அவளிடம் இருந்தது.
நேபாளக் காவலாளி பகதூர்
அவள் முறுக்குக்குக் கடன்பட்டவன்.
புதன் காலை ஐந்தேமுக்கால்:
ஒரு காதில் போன், ஒரு கையில் கேட்டுச் சாவி.
குப்பையை அவள் தொடவில்லை. லோரியை ஓட்டவில்லை.
எட்டு நிமிஷம்.
பூட்டிவிட்டு, மோட்டாரை உதைத்து
அடுத்த லயத்துக்குப் போனாள்,
கொஞ்சமும் தேயாமல்.

தேர்தல் வந்தது. உதவி பெருகியது.
ஒருவர் ரஸாலியைப் பசியாறக் கூட்டிப்போனார்.
ஒருவர் மேனேஜர் அறையில் உட்கார்ந்திருந்தார்.
இன்னொருவர் பகதூரோடு படம் எடுத்துக்கொண்டார்.
லோரி வரவில்லை.
எங்கள் தொழிலிலும் இது உண்டு:
மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால்
ஒன்று இந்தக் கையைப் பிடிக்கும், இன்னொன்று அந்தக் கையை;
எல்லாக் கையும் நிறைந்திருக்கும்,
சந்திப்பு மட்டும் நடக்காது.
இறங்கிவந்த கோடு வளைந்து மேலே ஏறும்.
அக்காவிடம் வரைந்து காட்டினேன்.
"அதான், பரிமாற ஆளு கூடுனா
பந்தியில சாம்பாரே வராது."

இன்று மூடி கழற்றும் நாள்.
அமிலம் ஊற்றினேன்; குமிழ் குமிழாய்
மூடி காற்றோடு போயிற்று.
அடியில் மஞ்சள் எண்ணெய், ஐந்து கிராம்.
சீட்டில் எழுதினேன்: நாலு கண்ணி, தூய்மை தொண்ணூற்றெட்டு.
எந்த நோய்க்கு என்று வாங்குபவர் சொல்வதில்லை.
நானும் கேட்டதில்லை. பொய்;
ஒருமுறை கேட்டேன்,
விலையை மட்டும் உறுதிசெய்து பதில் வந்தது.

நாளை புதன். அக்காவுக்குக் காய்ச்சல்.
சாவி என் கைப்பையில் இருக்கிறது, ரஸாலியின் எண்ணும்.
கேட்டைக் கொஞ்சம் தூக்கித்தான் தள்ள வேண்டுமாம்,
கீல் போய்விட்டதாம்.