சாவி கவுண்டரில் இருக்கிறது

ஸ்லைகோவுக்கு இன்னும் எவ்வளவு தூரம்
என்றுதான் இங்கே எல்லோரும் கேட்பார்கள்.
நாற்பது நிமிடம் என்பேன்.
முன்னால் டிராக்டர் போனால் ஐம்பது.
அடுத்துக் கேட்பது
கழிப்பறைச் சாவி.

லீட்ரிம் மாவட்டத்தைப் பற்றி
உலகத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
டொனெகாலுக்குப் போகிற வழியில்
மழை பெய்துகொண்டிருந்த ஓர் இடம்.
இங்கே நிலத்தை ஏக்கரில் விற்பதில்லை,
லிட்டரில் விற்கிறார்கள் என்று
பக்கத்து மாவட்டத்தார் சிரிப்பார்கள்.
நாங்களும் சிரிப்போம்,
காலுறை நனைந்திருக்கும்.

சாவியோடு ஒரு மரக்கரண்டியைக் கட்டியிருக்கிறேன்,
மறதியாய் எடுத்துப்போகாமலிருக்க.
அதற்கு முந்தைய இரண்டு சாவிகள்
இப்போது ஜெர்மனியில் இருக்கலாம்.

ஜனவரிப் புயலில்
கழிப்பறை ஜன்னலின் பால்கண்ணாடி உடைந்தது.
"இந்த அளவில் தெளிந்த கண்ணாடிதான் இருக்கிறது,
இப்போதைக்கு இது கிடக்கட்டும்"
என்றான் ஃபெர்கல் மக்மாரோ.
கிடக்கட்டும்.
பின்பக்கம் நின்று எட்டிப்பார்க்க யார் இருக்கிறார்கள்?
கோரை. சேறு.
அப்புறம் ஏரி.

அதன்பிறகுதான் கவனித்தேன்,
சாவி தாமதமாகத் திரும்புவதை.

கோல்ஃப் பையோடு வந்த ஒருவர்
ஈரக் கையைத் துடைக்காமலே வெளியே வந்தார்.
எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்கவில்லை.
ஒரு தாய் தன் பிள்ளையை
இரண்டாம் முறை உள்ளே அழைத்துப் போனாள்.
பிள்ளை, எனக்கு வரவில்லை என்று
கத்திக்கொண்டே போனது.

கெஸ்துதிஸ், லித்துவேனிய லாரிக்காரன்,
டேங்க் நிறைந்திருந்தாலும்
செவ்வாய்க்கிழமை தவறாமல் நிறுத்துகிறான்.
ஒருநாள் வந்து, பறவை, என்றான்.
பெயர் அவன் மொழியிலும் சட்டென்று வரவில்லை போல.
கரி மூட்டைகளுக்கும் சாசேஜ் ரோல் பெட்டிக்கும் நடுவே நின்று
கழுத்தை நீட்டி
தலையை இடமும் வலமும் உதறிக் காட்டினான்.
என் கையிலிருந்த பில் புத்தகத்தை வாங்கி
வாயில் கவ்விக்கொண்டான்,
பாசியைக் கவ்வி ஜோடிக்குக் கொடுக்கிற
கொண்டை முக்குளிப்பானாம்.
எனக்கு வயது நாற்பத்தேழு.
அந்த ஏரியில் அப்படியொன்று நடப்பது
அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் விடிய, கடை திறக்குமுன்
பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன்.
முகத்தளவு ஜன்னல்.

தண்ணீர் நீலமில்லை,
வெகுநேரம் ஊறிய தேயிலையின் நிறம்.
அதற்கப்பால் குன்றுகள்,
போர்வைக்குள் யாரோ மடக்கிவைத்த முழங்கால்கள்.
மேகத்துக்கும் மேட்டுக்கும் நடுவே
ஒரு விரற்கடை இடைவெளி.
அதற்குள் வெயில் நுழைந்து வந்தது.
கோரை எல்லாம் செம்பாயிற்று.
ஆல்டர் மரத்தடியில் ஏதோ வழுக்கி இறங்க,
நீரில் ஒரு கோடு மட்டும் நகர்ந்து போனது;
நீர்நாயாக இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
பிறகு மூடிக்கொண்டது.
மழை.

இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று
இருபத்திரண்டு வருடம் சொல்லியிருக்கிறேன்,
சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்துக்கொண்டே.

மே மாதம் பால்கண்ணாடி வந்து சேர்ந்தது.
முதலாளியம்மா போனில் சொன்னாள்:
மானம் மரியாதை என்று ஒன்று இருக்கிறது, அட்ராக்டா.
ஃபெர்கல் மக்குக் கத்தியோடு உள்ளே போனான்.
நான் நான்கு பேருக்கு டீசல் போட்டேன்.
ஐந்தாவது ஆளுக்குச் சாவி தேவைப்பட்டது.
சாவி இல்லை.

வெளியே வந்தவன்
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:
"அளவு சரியில்லை."
அளந்தது அவன்தான்.
எவ்வளவு குறைகிறது என்றேன்.
"ஒரு மில்லிமீட்டர்," என்றான்,
சற்று யோசித்து, "இரண்டுகூட இருக்கும்."

பால்கண்ணாடி இப்போது
கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது.
நத்தைகள் அதில் ஏறிப் போகின்றன.

ஸ்லைகோவுக்கு எவ்வளவு தூரம் என்கிறார்கள்.
நாற்பது நிமிடம் என்கிறேன்.
கேட்காதவர்களிடமும்
கரண்டியை நீட்டுகிறேன்.